ஒலி அளவு பதினெட்டு

வால்டிவியாவில் ஜூன் மாதம் மழை நிற்பதில்லை.
தலைநகரிலிருந்து வந்த தாளில்
ஒரு வீட்டுக்கு நேரே நாள்தோறும் ஒரே சொல்:
அறியப்படவில்லை.
தொலைக்காட்சி ஓடுகிறது,
பொத்தான் ஒன்று எரிகிறது, இரண்டும் எரிகிறது,
பார்ப்பது எந்த அலைவரிசை என்றுதான் தெரியவில்லை.
போய்ப் பார் என்றார்கள்.

அழைப்புமணியை அழுத்தினேன்.
உள்ளே ஒரு விளக்கு மின்னி மின்னி அணைந்தது.
அப்போதே எனக்குப் புரிந்திருக்க வேண்டும்.

எடுவிஹிஸ், வயது அறுபத்தொன்று, பொத்தான் ஒன்று.
நிபால்டோ, மர அறுவை ஆலையில் இருந்தவர், பொத்தான் இரண்டு.
பிறந்ததிலிருந்தே இருவருக்கும் காது கேளாது.
எங்கள் படிவம்
குளிர்பெட்டி உண்டா, கார் உண்டா,
நாய் எத்தனை என்று கேட்டிருந்தது.
இதைக் கேட்கவில்லை.

தாளில் எழுதிக் காட்டினேன்:
இந்தப் பெட்டி படத்தைப் பார்ப்பதில்லை.
உங்கள் வீட்டுச் சத்தத்தை ஒட்டுக்கேட்டு
எந்த அலைவரிசை என்று கண்டுபிடிக்கிறது.
நிபால்டோ படித்தார். மனைவி பக்கம் திரும்பி
விரல்களால் ஏதோ சொன்னார்.
இருவரும் கண்ணில் நீர் வரச் சிரித்தார்கள்.
அந்த வீட்டில் நான் கேட்ட முதல் சத்தம்.

ஒலியைப் பதினெட்டில் வைத்தேன்.
இதற்குக் கீழே வேண்டாம் என்று எழுதி ஒட்டினேன்.
செவிடன் காதில் ஊதிய சங்கு என்பார்கள்.
இங்கே ஊதுவது அவர்கள்,
கேட்பது என் பெட்டி.

பத்து நாள் கழித்துப் போனபோது
ஏழு சீட்டுகளை என் முன் பரப்பினாள் எடுவிஹிஸ்.
எல்லாம் மேல்வீட்டு செனோபியா கையெழுத்து.
நடுராத்திரியில் உங்கள் வீட்டில் என்ன சந்தை?
துடைப்பக் கட்டையால் அவள் தன் தரையை இடிக்க,
இங்கே கூரை விளக்கு ஆட,
நிலநடுக்கம் என்று இரண்டு முறை
மேசைக்கடியில் ஒளிந்திருக்கிறார்கள்.

மூன்றாம் முறை ஒரு கம்பி கொண்டுபோனேன்.
தொலைக்காட்சியின் முதுகிலிருந்து நேரே பெட்டிக்கு.
ஒலிபெருக்கி ஊமையானது.
மேல்வீடு தூங்கியது.

அன்று என்னை விடவில்லை.
விறகடுப்பருகே நாற்காலி,
பரங்கிக்காய் சேர்த்துப் பொரித்த சோபாய்பியா.
விருந்தாளிக்கான பொத்தானை நிபால்டோவே அழுத்தினார்:
ஆண், நாற்பதுகளில்.
ஐந்து வயது கூட்டிவிட்டார், திருத்தவில்லை நான்.

ஒன்பது மணிச் செய்தி.
வாசிப்பவரை அவர்கள் பார்க்கவே இல்லை.
திரையின் வலது மூலையில்
தபால்தலை அளவுச் சதுரத்துக்குள்
கறுப்புச் சட்டைக்காரி ஒருத்தி
கைகளால் பேசிக்கொண்டிருந்தாள்.
நிபால்டோ அவளுக்குப் பதில் சொன்னார்.
ஒரு சொல்லை அவள் அவசரமாக வீச
எடுவிஹிஸ் கரண்டியோடு எழுந்து
சரியாகச் செய்து காட்டினாள்.

எங்கள் கணக்கில் அவர்கள் இருவர் அல்ல.
தெற்கு வட்டாரத்தின் ஆறாயிரத்து நானூறு பேர்.
ஆறாயிரத்து நானூறு பேருக்கும்
நன்றாகக் காது கேட்கும்.

ஆகஸ்டில் ஓர் இரவு, ஒன்பது ஏழுக்கு,
தள்ளுபடி விற்பனை விளம்பரத்துக்கு இடம் வேண்டும் என்று
சதுரத்தை எடுத்துவிட்டார்கள்.
ஒன்பது ஏழுக்குப் பொத்தான் ஒன்று அணைந்தது.
இரண்டும்.
வரைபடத்தில் பள்ளம் விழுந்தது.

அலைவரிசைக்காரர்கள் கூடிப் பேசினார்கள்.
அந்த நிமிடம் திரையில் இருந்தது வானிலை.
அறிவிப்பாளரின் மஞ்சள் கோட்டு உறுத்துகிறது என்றார் ஒருவர்.
மழைக்கார ஊரிடம் மழையைப் பற்றி
எவ்வளவு நேரம் பேசுவது என்றார் இன்னொருவர்.
என்னை யாரும் கேட்கவில்லை.
கேட்டாலும், எந்த வீடு என்று சொல்லமாட்டேன் என
கையெழுத்துப் போட்டவன் நான்.

திங்கட்கிழமை நீலக் கோட்டு வந்தது.
ஒன்றும் எரியவில்லை, இரண்டும் எரியவில்லை.

இன்று காலை எனக்கு ஒரு தாள்:
மேற்படி வீட்டில் பெட்டி பழுதா, பார்த்து வரவும்.
கம்பி, திருப்புளி, புதிய பெட்டி ஒன்று
பையில் எடுத்துக்கொண்டு
மழையில் நிற்கிறேன்.
மணியை அழுத்தியாயிற்று.
உள்ளே விளக்கு மின்னுகிறது.